இரண்டு மிஸ்டு கால் என்றால் வரவில்லை

2005 அக்டோபர் 12, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.10க்குக் குழாயில் தண்ணீர் வந்தது; எட்டுக் குடம் பிடித்தேன். 5.45க்கு ஜெபம். 6.30க்குள் தக்காளிச் சாதம் கட்டி முடித்து, 7.05 பேருந்தில் ஏறினேன். 7.40க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்துகளை எண்ணி வாங்கிக் கையெழுத்திட்டேன். பெட்டிக்குள் நான்கு பக்கமும் ஐஸ் பாக்கெட், நடுவில் மருந்துக் குப்பிகள், மேலே இறுக்கமான மூடி. 8.30க்கு உள்ளூர்ப் பேருந்து. 9.10க்குக் கல்மடைப்பட்டி அங்கன்வாடி.

புதன்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். முப்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அந்தப் புதன்கிழமைகளில் பெரும்பாலானவை என் டைரிகளில் ஒரே அச்சாக இருக்கின்றன. இந்த ஒரு புதனுக்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். போன மே மாதம் ஓய்வு பெற்றபோது, பிரிவுபசார விழாவில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள் ஒன்று கேட்டார்கள்: "நூத்தியெட்டு ஆம்புலன்ஸ் இல்லாத காலத்துல எப்படிக்கா சமாளிச்சீக?" இட்லி ஆறிப்போகும் என்பதால் அன்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டேன். முழுப் பதில் இது.

பதினெட்டு மாதப் பயிற்சியில் எனிமா கொடுப்பதிலிருந்து இரட்டைப் பிரசவம் வரை எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். ஐந்து கிராமங்களுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதை மட்டும் யாரும் கற்றுத் தரவில்லை. என் கிராமங்கள் எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம், பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. பேருந்து காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. மற்ற நேரமெல்லாம் பிரிவில் நின்று கையைக் காட்ட வேண்டியதுதான். தார்ச்சாலையிலிருந்து ஊருக்குள் மண்சாலை பிரியும் இடத்தைத்தான் பிரிவு என்போம். அட்டைப்பெட்டி ஏற்றிய வேன், பால் வண்டி, ஆசிரியர்களின் ஸ்கூட்டர், செங்கல் டிராக்டர் என்று ஏறாத வண்டி இல்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. தெரிந்தேதான் ஏறினோம்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தை வெள்ளிக்கிழமை நான் ஏறிய லாரி, இருக்கன்குடி கோயில் கூட்டத்துக்கு நடுவே அச்சு முறிந்து நின்றுவிட்டது. நடந்தும் மாட்டுவண்டியிலுமாக வீடு சேர மாலை ஆகிவிட்டது. நான் எந்த வண்டியில் ஏறினேன், எந்தத் திசையில் போனேன் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. என் மேற்பார்வையாளர் எஸ்தர் சிஸ்டர் ஊர் ஊராகப் போய்த் தேடியிருக்கிறார்.

எஸ்தர் சிஸ்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, இடது தோளில் ஒரு ஊக்கு, கையில் கட்டம் போட்ட நோட்டு. கேள்வி எப்போதும் மூன்றுதான். அவற்றின் வரிசையும் மாறாது.

"யாரு வண்டி? எங்கன ஏறுனே? எம்புட்டு நேரம் நின்னே?"

யாருடைய லாரி என்று எனக்குத் தெரியாது. வண்டி எண்ணை என் பையில் ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தேன், அதை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போற ஆளு கையில சீட்டு இருந்து என்ன பிரயோசனம்? நிக்கிற ஆளு கையில இருக்கணும்."

அதுவே எங்கள் விதியானது. வண்டியில் ஏறும் முன் எண், ஓட்டுநர் பெயர், நேரம் மூன்றையும் எழுதிப் பிரிவில் இருக்கும் பெட்டிக்கடையிலோ, வழியனுப்ப வந்தவர் கையிலோ கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. பட்டாசு லோடு ஏற்றிய வண்டி எவ்வளவு அவசரமானாலும் வேண்டாம்.

கைப்பேசி வந்தது. 2004 பொங்கலுக்குத் தம்பி வாங்கிக் கொடுத்தான். பிரிவில் போகிற வண்டிகளின் ஓட்டுநர்களிடமும் அந்த வருடக் கடைசிக்குள் ஒவ்வொன்றாக வந்துவிட்டது. பேசினால் காசு, ரிங் விட்டு நிறுத்தினால் காசில்லை. அதிலும் அவர்கள் ஓட்டிக்கொண்டு இருப்பார்கள், எடுத்துப் பேச முடியாது. பட்டாசுக் கம்பெனிக்குள் போனால் வாசலில் வாட்ச்மேனிடம் போனை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எனவே நானே உட்கார்ந்து ஒரு முறை வகுத்தேன். டைரியின் முதல் பக்கத்தில் ஒன்பது ஓட்டுநர்களின் பெயர், எண், பிரிவைக் கடக்கும் நேரம் ஆகியவற்றைக் கோடு போட்டு எழுதினேன். அதன் கீழே:

ஒரு மிஸ்டு கால்: பிரிவில் நிற்கிறேன், ஏற்றிக்கொள்ளவும்.
இரண்டு மிஸ்டு கால்: இன்று வரவில்லை, காத்திருக்க வேண்டாம்.
எதிராளி கட் செய்தால்: பார்த்துவிட்டேன்.
யாரும் எடுத்துப் பேச வேண்டாம்.

கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தேன். ஒன்பது பேரையும் தனித்தனியாக நிறுத்திப் பாடம் எடுத்தேன். ஆரம்பத்தில் பாண்டி என்கிற ஓட்டுநர் மட்டும் பழக்க தோஷத்தில் எடுத்து "அலோ அலோ" என்பான். சிவகாசி அச்சகத்திலிருந்து அட்டைப்பெட்டி ஏற்றிக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதினோரு மணிவாக்கில் காலி வண்டியாகத் திரும்புகிறவன். "ஏலே, எடுக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று இரண்டு முறை கோபித்துக்கொண்ட பிறகு அவனும் தேறிவிட்டான்.

முறை அருமையாக வேலை செய்தது. முன்பெல்லாம் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற நாட்கள் உண்டு. அதற்குப் பிறகு வந்த பத்து மாதத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றதாக டைரியில் குறிப்பில்லை. வருவது யார் என்று முன்கூட்டியே தெரியும் என்பது அதைவிடப் பெரிய நிம்மதி. ஒரு பெண் ரோட்டில் தனியாக நின்று முன்பின் தெரியாத வண்டிக்குக் கை காட்ட வேண்டியிருந்தது. அது நின்றுபோயிற்று.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. சீசனின் உச்சம். 10.25க்குள் பதினான்கு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்தேன். கர்ப்பிணிப் பட்டியலில் செல்வி மட்டும் வரவில்லை. இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம், முப்பத்தைந்தாவது வாரம். பெட்டியை அங்கன்வாடி ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கே போனேன்.

வாசலில் செல்வியின் மாமியார் ராமுத்தாய் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே இருட்டில் செல்வி சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"தலவலி நர்சம்மா. நேத்துலேருந்து. கண்ணத் தொறந்தா மத்தாப்புப் பொறி மாதிரி பறக்குது."

ராமுத்தாய் வாசலிலிருந்தே சொன்னார்: "சீசன் நேரத்துல தூங்காமக் குழா சுத்துனா மத்தாப்பு தெரியாம மல்லியப்பூவா தெரியும்? ஒரு டீயக் குடிச்சா சரியாப் போயிரும். நீங்க உக்காருங்க நர்சம்மா, சாப்பிட்டீகளா?"

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. முகத்திலும் உப்பல். இரத்த அழுத்தம் 170/110. பட்டையைக் கழற்றி, ஐந்து நிமிடம் இடப்பக்கமாகப் படுக்க வைத்து மறுபடி பார்த்தேன். அதே அளவு. அடுத்தது சிறுநீர்ச் சோதனை. அதற்கு ஸ்பிரிட் விளக்கு ஏற்ற வேண்டும். எங்கள் பகுதியில் தீக்குச்சியைக் கிழிக்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம்.

"வீட்ல மருந்து இருக்கா?"

இங்கே மருந்து இரண்டு வகை. நான் கொடுப்பது ஒன்று, கம்பெனியில் பட்டாசுக்குள் அடைப்பது இன்னொன்று.

"ஐய, வெறுங்குழாதான். மருந்தெல்லாம் கம்பெனியோட சரி" என்றார் ராமுத்தாய்.

ஆனாலும் விளக்கைப் பின்பக்கம் திறந்தவெளிக்கு எடுத்துப் போய்த்தான் ஏற்றினேன். சோதனைக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீர் எடுத்து, மேல்பகுதியை மட்டும் சூடாக்கினேன். கொதித்ததும் மேலே வெள்ளையாகக் கலங்கியது. அசிட்டிக் அமிலம் மூன்று சொட்டு விட்டேன். சாதாரணக் கலங்கலானால் தெளிந்துவிடும். தெளியவில்லை. இன்னும் கெட்டியாகி, திரிந்த பால் போல நின்றது. சிறுநீரில் புரதம் கொட்டுகிறது என்று அர்த்தம்.

இதற்கு மேல் சந்தேகம் இல்லை. எந்த நிமிடமும் வலிப்பு வரலாம். ஊரில் அதை ஜன்னி என்பார்கள். வந்தால் தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து. அதற்குக் கொடுக்கும் ஊசி சிவகாசி அரசு மருத்துவமனையில்தான் உண்டு; என் பையில் இல்லை. நான் செய்யக்கூடியது அவளை அங்கே கொண்டு சேர்ப்பது ஒன்றுதான். மணி 11.02. அடுத்த பேருந்து 1.45க்கு.

செல்வியின் கணவன் கம்பெனிக்குள் இருந்தான். அவன் போன் வாசலில் இருந்தது. எனக்கு அப்போது கவலை வரவில்லை. பாண்டி காலி வண்டியோடு திரும்பும் நேரம். கல்மடைப்பட்டியில் டவர் கிடைப்பது கண்மாய்க் கரையில் மட்டும். வேகமாக நடந்து 11.08க்குக் கரையில் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தார்ச்சாலையும் பிரிவும் தெளிவாகத் தெரியும்.

பாண்டி எண்ணைப் போட்டேன். ரிங் போனது. கட் செய்தான்.

சற்று நேரத்தில் அவனுடைய பச்சைத் தார்ப்பாய் வேன் வந்து பிரிவில் நின்றது. ஒரு மிஸ்டு கால் என்றால் பிரிவில் நிற்கிறேன் அல்லவா? என்னைத் தேடி நிற்கிறான். ஐந்து நிமிடம் நிற்பான். அதற்குள் ஊருக்குள் வரச் சொல்ல வேண்டும். மறுபடி போட்டேன்.

கட் செய்தான். வண்டி கிளம்பிவிட்டது.

கரையில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. இரண்டு மிஸ்டு கால், இன்று வரவில்லை. நானே அவனைப் போகச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது முறை போட்டேன், நான்காவது முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கட் செய்தான். வேன் சிவகாசிப் பக்கம் புளியமரங்களுக்குள் மறைந்தது. பட்டியலில் அந்த நேரத்துக்குரிய மற்ற இருவரையும் கூப்பிட்டேன். ஒருவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வாசலில் இருந்திருக்கும். இன்னொருவன் கட் செய்தான். குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றால் ஆங்கில எழுத்தில்தான் அனுப்ப முடியும், இவர்களுக்கு அது படிக்க வராது.

11.29க்குக் கரை மேல் ஒரு மொபெட் வந்தது. வீடு வீடாகச் சுற்றிய குழாய்களை வாங்கிப் போகும் ஏஜெண்ட் தங்கராஜ். பின்னால் இரண்டு சாக்கு. கையைக் காட்டி நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"சாக்க எறக்கிட்டு வண்டியிலயே கூட்டிட்டுப் போயிருவமா நர்சம்மா?"

"வேணாம். வழியில வலிப்பு வந்தா கீழ விழுந்துருவா. படுக்க வச்சுத்தான் கொண்டு போகணும்."

"அப்ப பாண்டிக்குப் போனப் போட வேண்டியதுதான?"

"போட்டேன். என் போன அவன் எடுக்க மாட்டான்."

"ஏன், சண்டையா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புத்தி வந்தது. என் எண்ணைத்தான் எடுக்க மாட்டான். தங்கராஜின் போனை வாங்கிப் பாண்டி எண்ணைப் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"அலோ! லோடா? எங்கன ஏத்தணும்?"

"பாண்டி, நான் நர்சம்மா பேசுறேன்."

"நர்சம்மாவா? யாரு போன்ல பேசுதீக? நாலு தடவ அடிச்சீகளே! இன்னைக்கு என்ன இந்தம்மா ரொம்பத்தான் வரலேங்குறாகன்னு நெனச்சேன்."

"எங்கன இருக்கே?"

"பெட்ரோல் பங்க்ல."

"வண்டியத் திருப்பு. கல்மடைப்பட்டிக்குள்ள வா. செல்வியப் படுக்க வச்சுக் கொண்டு போகணும். லோடு ஏத்தியிருக்கியா?"

"காலி வண்டிதான். வந்துட்டேன்."

11.52க்கு வந்தான். தங்கராஜ் அதற்குள் ராமுத்தாயிடம் விஷயத்தைச் சொல்லிப் பாயும் தலையணையும் வெளியே கொண்டுவந்திருந்தான். டீ குடிக்கச் சொன்ன ராமுத்தாய் இப்போது மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேனில் மடித்துக் கிடந்த அட்டைப்பெட்டிகளை அதன் தரையில் பரப்பி, மேலே பாய் போட்டு, செல்வியை இடப்பக்கமாகப் படுக்க வைத்தேன். வெளிச்சமும் சத்தமும் வலிப்பைக் கிளப்பும்; வெளிச்சம் கண்ணில் படாமல் தார்ப்பாயை இறக்கிவிட்டேன். பல்லிடுக்கில் வைக்கத் துணி சுற்றிய கரண்டி ஒன்று, என் மடியில். அன்று கற்பித்த முறை அது. இப்போது வேண்டாம் என்கிறார்கள். வண்டி எண், பாண்டி பெயர், 11.58 என்ற நேரம், மருத்துவமனை என்று எழுதிய சீட்டைத் தங்கராஜிடம் கொடுத்தேன்.

"கம்பெனி வாசல்ல குடுத்து, செல்வி வீட்டுக்காரர வெளிய கூப்பிட்டுச் சொல்லிருங்க."

"பாண்டி, மெதுவாப் போ. ஹாரன் அடிக்காதே."

"ஹாரன் இல்லாம சிவகாசிக்குள்ள எப்படிம்மா போறது?"

"தலைய வெளிய நீட்டிக் கும்பிட்டுக்கிட்டே போ."

உண்மையாகவே அப்படித்தான் போனான். பேருந்து நிலையத்துக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு இரண்டு லாரிகளை ஒதுங்க வைத்தான். 12.26க்கு மருத்துவமனைக்குள் நுழைந்தோம். செல்வியைப் பிரசவ அறைக் கட்டிலில் படுக்க வைத்து, மருத்துவர் என் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தபோது, 12.41க்கு வலிப்பு வந்தது. ஊசி தயாராக இருந்தது. இரண்டு நிமிடத்தில் அடங்கியது. மாலை 4.10க்கு அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம். எடை குறைவுதான், ஆனால் வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதது. செல்வி கண்ணைத் திறந்தபோது முதலில் நான் கேட்டது, "பொறி பறக்குதா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள். தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்து, காலையில் கட்டிய தக்காளிச் சாதத்தை முழுதும் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் சமைத்ததில்லை.

மருத்துவமனைக்குள் நுழைந்ததற்கும் வலிப்பு வந்ததற்கும் இடையில் இருந்த அந்தப் பதினைந்து நிமிடத்தை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் போனைப் பற்றியும் யோசிப்பேன். இப்போது என் தம்பி மகன் வைத்திருக்கும் போன், அது எந்தத் தெருவில் நிற்கிறது என்பதைத் தானே படத்தில் காட்டுகிறது. அப்படியானால் பாண்டியின் போனும் என் போனும் தமக்குள்ளேயே பேசிக்கொண்டு, நர்சம்மா பிரிவில் இல்லை, கண்மாய்க் கரையில் இருக்கிறாள் என்று ஏன் சொல்லக் கூடாது? யார் எங்கே போகிறார்கள், எந்த வண்டியில் இடம் இருக்கிறது என்பதைப் போனில் பார்த்துவிட்டு ஏறுகிற காலம் வரும் என்றே நினைக்கிறேன். வரட்டும். அதைச் செய்கிறவர்கள் எஸ்தர் சிஸ்டரின் மூன்று கேள்விகளையும் அதற்குள் வைத்தால் நல்லது. யார் வண்டி என்பது ஏறுகிறவளுக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் முறை வந்த பிறகு, பிரிவில் போன் இல்லாமல் நிற்கிற கிழவர்களைக் கண்டால் ஓட்டுநர்கள் முன்போல நிறுத்தவில்லை. சொல்லி வைத்தவர்களுக்குத்தான் வண்டி என்று ஆகிவிட்டது. அதற்கும் நான்தான் காரணம். அதற்கு விடை எனக்கு இன்றும் தெரியாது.

அன்று மாலை 5.30க்கு எஸ்தர் சிஸ்டர் மருத்துவமனைக்கு வந்தார். செல்வியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என் குறிப்பை வாசித்தார். நோட்டைத் திறந்தார்.

"யாரு வண்டி?"

"பாண்டி வேன், சிஸ்டர்."

"எங்கன ஏறுனே?"

"செல்வி வீட்டு வாசல்ல."

"எம்புட்டு நேரம் நின்னே?"

"நாப்பத்தினாலு நிமிஷம்."

பேனா நின்றது. "காலி வண்டி போற நேரத்துல, கையில போன வச்சுக்கிட்டு, நாப்பத்தினாலு நிமிஷமா?"

எல்லாவற்றையும் சொல்லி டைரியின் முதல் பக்கத்தைக் காட்டினேன். பெயர்களையும் நேரங்களையும் பொறுமையாக வாசித்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"நீ கூப்பிட்டா யாரும் எடுக்கக் கூடாதுன்னு நீயே ஒம்பது பேருக்குப் பாடம் எடுத்திருக்கே. நல்லாப் படிச்சிருக்காங்க."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு என் தோளைத் தட்டி, "பிள்ளை பொழச்சிருச்சு. போய்த் தூங்கு. நாளைக்கு மொத வேலையா இதச் சரி பண்ணு" என்றார்.

எப்படிச் சரி செய்வது? ஒன்பது பேரையும் போனில் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. எடுக்கத்தான் மாட்டார்களே.

அக்டோபர் 13, வியாழக்கிழமை. 4.30க்கு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கவில்லை, சமைக்கவில்லை. தம்பி ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட, 5.50க்குப் பிரிவில் போய் நின்றேன். 6.05க்குப் பச்சைத் தார்ப்பாய் தெரிந்தது. ரோட்டு ஓரத்துக்கு வந்து, போன் வருவதற்கு முன்பு நின்றது போலவே நின்று, கையைக் காட்டினேன். பாண்டி நிறுத்தி, பக்கத்து இருக்கையில் கிடந்த துண்டை எடுத்துத் தட்டினான்.

"ஏறுங்க நர்சம்மா. பிள்ள எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. நான் ஏறல."

"பின்ன எதுக்குக் கையக் காட்டுனீக?"

"இனிமே நான் போன் அடிச்சா எடு. எடுத்துப் பேசு."

"காசு போகுமேம்மா உங்களுக்கு."

"போகட்டும். எடு."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். தூரத்தில் பால் வண்டி வந்துகொண்டிருந்தது. அதற்கும் கையைக் காட்டினேன்.